எண்பத்தேழில் கொதிக்கும் ஊர்

ஒரூரோவில் தண்ணீருக்குப் பொறுமை கிடையாது.
கடலோரத்தில் நூறு டிகிரிவரை காத்திருக்குமாம்;
இந்த உயரத்தில் எண்பத்தேழிலேயே
எழுந்து ஆடத் தொடங்கிவிடும்.
ரேடியேட்டருக்குள் மூடி அழுத்திப் பிடித்திருக்கும்வரை அடங்கும்.
ஊசிமுனை ஓட்டை போதும், அவ்வளவுதான்.

நேற்றிரவு பேருந்து நிலையத்துக்கு வெளியே
பின் இருக்கையில் யாரோ ஒரு மணப்பெண்ணின் அத்தை,
மடியில் மூன்று கேக் பெட்டிகள்.
முள் சிவப்புக்குப் போனது.
முன்கண்ணாடி முழுக்க வெள்ளை ஆவி.
அத்தை சிலுவை போட்டுக்கொண்டு
கேக்குகளோடு இறங்கி
இன்னொரு டாக்சிக்குக் கை காட்டினாள்.
காசு தரவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் முற்றத்தில் வடித்தேன்.
பச்சை நீர். இனிக்குமாம்.
நாய் நக்கினால் உயிர் போய்விடும்.
சாஸ்காவைக் குளியலறையில் போட்டுப் பூட்டினேன்;
உள்ளேயிருந்து அது சட்டம் பேசியது.

இரண்டு ஹோஸ், நான்கு போல்ட்.
நான்காவது வரமாட்டேன் என்றது.
எண்ணெய் விட்டு, திட்டி,
ஒரு டீ குடித்துவிட்டு வந்து
மறுபடியும் திட்டி.

கழற்றி வெயிலுக்குக் காட்டினால்
உள்ளே முட்டை வெள்ளைக்கரு, காய்ந்து ஏடாக.
மிளகுத்தூள். சோளமாவோ மரத்தூளோ, ஏதோ ஒன்று.
"ஒரு சொட்டு ஒழுகினதில்லை, அண்ணி"
என்று சொல்லித்தான் விற்றான் கொழுந்தன் குமெர்சிந்தோ.
பொய் என்று சொல்லமுடியாது.
முட்டை தாங்கியவரை ஒழுகவில்லை.

மாடியில் குடியிருக்கும் அனிசெத்தோ டூபா வாசிப்பவர்.
கார்னிவல் முடிந்தபின் கச்சேரியும் இல்லை,
இரண்டு மாத வாடகையும் இல்லை.
என்னைப் பார்த்தால் படியில் சத்தமில்லாமல் ஏறுவார்.
அவ்வளவு பெரிய உடம்பு, பூனை மாதிரி.
"காற்றடிக்கும் பம்பு இருக்கா?" என்றேன்.
கொஞ்சம் யோசித்துத்
தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

ஏழு தடவை கழுவினேன்.
கீழ்வாய்க்கு ஒரு உருளைக்கிழங்கைச் செதுக்கி அடைத்தேன்.
துணி துவைக்கும் தொட்டியில் முக்கியபோது
மேலே படிந்திருந்த பனித்தோல் நொறுங்கியது.
மேல்வாய் ஹோஸில் அவர் உதடு பொருத்தி
கன்னம் உப்பி
ஊதினார்.
அவர் மூச்சுக்குப் பதில் பேசாத முதல் பித்தளை
இதுவாகத்தான் இருக்கும்.
பிறகு இடது ஓரம், மூன்றாவது குழாயில்
கடுகு கடுகாகக் குமிழி.
"அதோ!" என்றேன்.
அவரும் என்னவோ சொன்னார், ஹோஸுக்குள்.

டூபாவுக்கு ஒட்டுப்போட வைத்திருந்த
ஊதுவிளக்கும் அமிலப் புட்டியும் இறங்கி வந்தன.
கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க
கறுப்புக்கு அடியில் மஞ்சள்.
பற்றாசுக் கம்பியிலிருக்கும் வெள்ளீயம்
ஒருவேளை எங்கள் மலை வயிற்றிலிருந்தே போயிருக்கும்;
எங்கேயோ உருகிச் சுருண்டு
கிராம் கணக்கில் எங்களுக்கே விலையாகி வந்திருக்கிறது.
முதல் சொட்டு உருண்டு ஓடியது.
இரண்டாவது என் செருப்பில்.
சூட்டை ஈயத்துக்குக் காட்டாமல்
பித்தளைக்குக் காட்டியபோது
மூன்றாவது தானாகவே உள்ளே இழுபட்டுப் போனது,
தாகம் எடுத்தவன் வாய்க்குப் போவதுபோல.

பக்கத்துக் குழாய் முழுக்க அரித்திருந்தது.
ஒட்டுப் பிடிக்காது.
இரு முனையையும் குறட்டால் நசுக்கி மூடினோம்.
நாற்பதில் ஒன்று; மற்றது சுமந்துகொள்ளும் என்றேன்.
அவர் ஊதுவிளக்கை அணைத்தார்.
அவருடைய குழுவிலும் போன வருடம்
ஒரு நாற்காலி அப்படி ஆயிற்று.
கொஞ்ச நேரம் சாஸ்கா மட்டும்தான் பேசியது.

"ஒரு மாதம் கழித்துக்கொள்ளலாமா?" என்றார்.
"பாதி."
"முக்கால்."
"ரசீது எழுதமாட்டேன்" என்றேன்.

மாட்டி, நிரப்பி,
அடியில் கேக் பெட்டி அட்டை விரித்து
(அத்தை ஒன்றை மறந்துபோயிருந்தாள்,
கேக்கை நாங்கள் தின்றுவிட்டோம்)
அரைமணி நேரம் இன்ஜினை ஓடவிட்டேன்.
முள் பாதிக்கு ஏறி
அங்கேயே நின்றது.

குனிந்து பார்த்தால் அட்டையில் ஈரம்.
எனக்கு உயிர் போய்விட்டது.
விரலால் தொட்டு முகர்ந்தேன்.

சாஸ்கா.
எப்போது திறந்துவிட்டார் இந்த மனிதர்?